மூடியில் ஓட்டை போட்டுக்கொண்டு ஆயர் பானாஸுக்குப் போனேன்

கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொல்லியிருந்த என் மகள் ரெஜினா, நவம்பர் முதல் வாரத்தில் போன் செய்து, வரவில்லை என்றாள். பாதியில் விட முடியாத ஆராய்ச்சி. அவள் ஜப்பானில் இருக்கிறாள். வெந்நீர் ஊற்றுகளின் சேற்றில் வாழும் ஆர்க்கீயா என்ற நுண்ணுயிர்களைப் பற்றிப் படிக்கிறாள். வந்திருந்தால் அப்பாவும் மகளுமாக லாபிஸ் பக்கம் உள்ள ஆயர் பானாஸுக்கு, அதாவது வெந்நீர் ஊற்றுக்கு, போவதாகத் திட்டம். நான்கு வருடத் திட்டம் அது.

"நீங்க மட்டும் போய்ப் பாத்துட்டு வாங்க. நம்ம பிள்ளைய எது புடிச்சி வச்சிருக்குன்னாவது தெரியட்டும்" என்றாள் என் மனைவி பிலோமினா. அவளுக்கு முட்டிவலி, நெடுந்தூரம் உட்கார முடியாது. எனவே ஒரு சனிக்கிழமை நான் மட்டும் கிளம்பினேன்.

நாங்கள் குடியிருக்கும் தம்போயிலிருந்து காலை 6.40க்குப் புறப்பட்டோம். வாடகைக்கு ஓட்டும் சேகரனின் பழைய சாகா கார். போக வர பெட்ரோலோடு 220 ரிங்கிட், டோல் தனி. சேகரன் என்னிடம் படித்தவன் இல்லை, ஆனாலும் சார் என்றுதான் கூப்பிடுவான். மடியில் நான் வைத்திருந்த ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பார்த்தான்.

"சார், ஊத்துல அவிக்க முட்ட கொண்டாரலையா? வெறும் பாட்டிலோட ஆயர் பானாஸ் போற முதல் ஆள் நீங்கதான் லா."

"உயிர் புடிக்கப் போறேன், சேகரா."

பாட்டிலின் பிளாஸ்டிக் மூடியில் முந்தின நாளே ஆணியைச் சுடவைத்து ஆறு ஓட்டைகள் போட்டிருந்தேன். நான் சிம்பாங் ரெங்கம் பக்கம் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவன். சண்டைச் சிலந்தியோ பொன்வண்டோ, எதைப் பிடித்தாலும் டின் மூடியில் ஓட்டை போடுவதுதான் எங்கள் முதல் வேலை. கை பழகிவிட்டது.

நெடுஞ்சாலையில் சிம்பாங் ரெங்கத்தைத் தாண்டும்போது செம்பனை எண்ணெய் ஆலையின் புளித்த வாடை வந்தது. சேகரன் கண்ணாடியை ஏற்றினான். ஆலைக் கழிவுக் குளங்களின் அடியிலும் ஆர்க்கீயா உண்டு என்று ரெஜினா சொல்லியிருக்கிறாள். "அப்ப இங்கயே அள்ளிக்கலாமே சார், பெட்ரோல் மிச்சம்" என்றான். யோங் பெங்கில் இறங்கி ரொட்டி சானாயும் தே தாரிக் என்ற ஆற்றிய டீயும் சாப்பிட்டோம். இரண்டு பேருக்கும் 11 ரிங்கிட். அங்கிருந்து சாஆ என்ற சிற்றூர் வழியாக லாபிஸ். மழைக்காலம் என்பதால் மெதுவாகத்தான் போனோம். ஊரைத் தாண்டி, செம்பனைகளுக்கு நடுவே மங்கிப்போன பலகை ஒன்று தெரிந்தபோது மணி 9.20. கார் மீட்டர் 158 கிலோமீட்டர் காட்டியது.

இந்த உயிர்களைப் பற்றி ஒரு வார்த்தை. தம்போயில் எங்கள் வரிசை வீடுகள் வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே நுழைந்தால்தான் ஒருவர் சுவரை இடித்திருப்பது, இன்னொருவர் ஒயரிங்கையே மாற்றியிருப்பது தெரியும். பாக்டீரியாவும் ஆர்க்கீயாவும் அப்படித்தான். இரண்டும் ஒற்றைச் செல், கண்ணுக்குத் தெரியாத அளவு, ஆனால் உள்ளே வேறு வேறு. அறிவியல் ஆசிரியரான நானே பல வருடம் வகுப்பில் இரண்டையும் பாக்டீரியா என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். மிகப் பழைய வம்சம் இது. கொதிநீர், உப்பு, சேற்றின் அடி என்று நாம் தங்கமுடியாத இடங்களில் குடியிருக்கிறது.

சிமெண்ட் தொட்டிகள் மூன்று இருந்தன. மூன்று நான்கு குடும்பங்கள் வலைப்பையில் முட்டைகளைக் கட்டி ஒரு தொட்டியில் தொங்கவிட்டிருந்தார்கள். குளிக்கும் தொட்டிகளில் சூடு 40 டிகிரி, முட்டை தொங்கிய தொட்டியில் என் வெப்பமானி 54 காட்டியது. அந்தச் சூட்டில் முட்டை வேகாது என்று சொன்னேன். சேகரன் கேட்கவில்லை. அங்கே கடை போட்டிருந்த தமிழ்ப் பெண்ணிடம் நான்கு முட்டை வாங்கித் தொங்கவிட்டான். அரைமணி கழித்து ஒன்றை உடைத்தான். கையெல்லாம் வழிந்தது.

"அலமாக்!" என்று பதறினான்.

கடைக்காரப் பெண் சிரித்தாள். "வெந்தது வேணும்னா என்கிட்ட கேட்டிருக்கலாம்ல அண்ணே, அடுப்புல அவிச்சே வச்சிருக்கேன்."

தொட்டிகளுக்குப் பின்னால், சிமெண்ட் போடாத ஓரத்தில்தான் நிஜ ஊற்று. கருஞ்சேறு, நடுவே விட்டுவிட்டு வரும் குமிழிகள். காவலாளியிடம் கேட்டுக்கொண்டு, கொண்டுபோன நீளமான அகப்பையால் அள்ளிப் பாட்டிலைப் பாதி நிரப்பினேன். மனதில் இருந்ததைச் சொல்லிவிடுகிறேன். இங்கேயும் இதுகள் இருக்கின்றன, இதற்காக அவ்வளவு தூரம் போய் இருக்க வேண்டுமா என்று மகளிடம் கேட்க நினைத்தேன். வீட்டிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டால் ஒருவேளை வருவாள்.

பத்தரைக்கு வீடியோவில் அழைத்தேன். அங்கே பதினொன்றரை. பாட்டிலைப் பெருமையாகத் தூக்கிக் காட்டினேன்.

"அப்பா, மூடியில என்னப்பா அது, ஓட்டையா?"

"மூச்சு விடணும்ல, அதான்."

அவள் சிரித்த சிரிப்பு அந்த ஓரம் முழுக்கக் கேட்டது. "ஐயோ அப்பா! நான் தேடுறதுங்களுக்கு ஆக்ஸிஜன்தான் விஷமே. அந்தச் சேத்துல இருந்தா, காத்து பட்டே செத்துடும்."

"சார், சயன்ஸ் வாத்தியாரு நீங்கதானே?" என்றான் சேகரன், முட்டை வழிந்த கையைத் துடைத்தபடி.

அதைக் கொட்டச் சொன்னாள். பிளாஸ்டிக்கில் காற்று மெல்ல நுழைந்துவிடும், கண்ணாடியும் இரும்பு மூடியும் வேண்டும் என்றாள். கடைக்காரப் பெண் ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கழுவிக் கொடுத்தாள். "வாசம் போகலண்ணே, பரவால்லையா?"

"பரவால்ல அக்கா, இதோட சொந்தக்காரங்க உப்புலயே குடியிருப்பாங்க" என்றாள் ரெஜினா போனிலிருந்து.

பாட்டிலை அகப்பையில் கட்டி நீருக்குள் அமுக்கி, சேறும் நீரும் தளும்ப நிரப்பி, உள்ளே இருக்கும்போதே கடையின் இடுக்கியால் மூடியைத் திருக வேண்டும் என்றாள். சேகரன் செய்தான். இரண்டு முறை குமிழி உள்ளே போய்விட்டது. மூன்றாவது முறை சரியாக வந்தது.

"எவ்ளோ நாள் இருக்கும்மா?"

"இருட்டுல வச்சா மாசக்கணக்கா கூட இருக்கலாம்பா. நடுவுல தொறந்து தொறந்து பாக்கக் கூடாது, அவ்ளோதான்."

ஒவ்வொரு ஞாயிறும் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: எப்போ வர்ற? அது நாக்கு நுனி வரை வந்தது. கையில் பாட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டேன்.

"என்னப்பா, இன்னிக்குக் கேக்கலையா?"

"எத?"

அவள் திரைக்கு நெருங்கி வந்தாள். "பாட்டில யாரும் தொடாதீங்க. நான் வந்து தொறக்கிறேன்."

எப்போது என்று அவளும் சொல்லவில்லை.

திட்டமிடுகிறவர்களுக்கு: பத்து மணிக்குள் போய்விடுங்கள், பிறகு கூட்டம் சேர்ந்துவிடும். குளிக்கும் தொட்டியில் முதலில் பாதங்களை மட்டும் நனைத்துச் சூட்டைப் பாருங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்கார வேண்டாம். குடை கட்டாயம். முட்டையை வீட்டிலேயே அவித்து எடுத்துச் செல்லுங்கள். சேறு எடுப்பதென்றால் காவலாளியிடம் கேளுங்கள்.

நாங்கள் மாலை 3.15க்கு வீடு திரும்பினோம். ஊறுகாய் பாட்டில் இப்போது ரெஜினாவின் அறை அலமாரியில், அவள் பழைய சீருடைகளுக்குப் பின்னால், இருட்டில் இருக்கிறது. துணி அடுக்கப் போன பிலோமினா நேற்று கேட்டாள், "உள்ள உயிரோட இருக்கான்னு எப்படிங்க தெரியும்?"

தெரியாது என்றேன். கதவைச் சாத்தச் சொன்னேன்.