மால்டாவா, கிரீட்டா

அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தீவுக்காரர் என்றுதான் சொல்வார்கள். பெரிய பெரிய நாடுகளையெல்லாம் மற்றவர்கள் பங்கு போட்டுக்கொண்ட பிறகு மிச்சம் கிடந்த மத்தியதரைக்கடல் தீவுகளை இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால் அவர் தலையில் கட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தச் சுற்றுலா நிறுவனத்தின் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்துகொண்டு, வருகிற ஜோடிகளையெல்லாம் ஏதாவது ஒரு தீவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். எந்த விடுதியில் படுக்கை கிறீச்சிடும், எந்தக் கடற்கரையில் கல் காலைக் குத்தும், எந்த மாதத்தில் காற்று ஆளைத் தூக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஒரு தீவிலும் அவர் கால் வைத்ததில்லை என்பது வேறு விஷயம். யாராவது கேட்டால், "மாத்திரை விக்கிறவன் எல்லா மாத்திரையையும் முழுங்கிப் பார்த்துட்டா விக்கிறான்?" என்பார்.

தொழிலில் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. எதிரே வந்து உட்காருகிறவர்கள் முதலில் சொல்லும் இடம் அவர்கள் மனதில் இருக்கும் இடம் அல்ல. பெண் சொல்வது ஆணுக்குப் பிடிக்கும் என்று, ஆண் சொல்வது பெண்ணுக்குப் பிடிக்கும் என்று. இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் தயங்குவார்கள். மூன்றாவது கேள்வியில்தான் உள்ளே இருப்பது வெளியே வரும். சிசிலி என்று வந்தவர்களைக் கோர்சிகாவுக்கு அனுப்பியிருக்கிறார். திரும்பி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்கள். ஏமாந்து போனவர்கள் அடுத்த வருஷம் வேறு நிறுவனத்துக்குப் போயிருப்பார்களே, அவர்கள் எங்கே வந்து சொல்லப் போகிறார்கள்? அதை அவர் யோசித்ததே இல்லை. மனுஷனுக்குத் தன் கெட்டிக்காரத்தனத்தில் அவ்வளவு நம்பிக்கை.

அவர் மனைவிக்கு வேலை பெயிண்ட் கடையில். வண்ணம் கலப்பவள். கிழிந்த திரைச்சீலையையோ சட்டைப் பொத்தானையோ பீங்கான் துண்டையோ கொண்டுவந்து நீட்டி, "சுவத்துக்கு இதே கலர் வேணும்" என்பார்கள். கடையில் அதற்கு ஓர் இயந்திரம் இருந்தது. இயந்திரம் சொல்வது ஒன்று, சுவரில் காய்ந்த பிறகு தெரிவது ஒன்று. அவள் அந்தத் துண்டை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய்த் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். உள்ளே வந்து கறுப்பில் இரண்டு சொட்டு, மஞ்சளில் ஒன்று என்று விட்டுக் கலக்குவாள். அட்டையில் தடவிக் காயவைத்துப் பக்கத்தில் வைத்தால் எது பழசு எது புதுசு என்று கண்டுபிடிக்க முடியாது. பதினெட்டு வருஷமாக அந்தக் கடை அவள் கண்ணை வைத்துத்தான் ஓடியது.

அந்தக் கண்ணுக்குத்தான் ஆபத்து வந்தது. இடது கண் மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே போய்விட்டது. ஒரு கண்ணை வைத்துக்கொண்டே வேலையை விடாமல் சமாளித்து வந்தாள். செப்டம்பரில் கண் மருத்துவர் வலது கண்ணையும் சோதித்துவிட்டு நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"விழித்திரை ரொம்ப மெலிஞ்சிருக்கும்மா. ஒரு வருஷம் தாங்கலாம், அதுக்கு மேலயும் தாங்கலாம். நாளைக்கே போகாதுன்னு என்னால சொல்ல முடியாது. பார்க்கணும்னு ஆசைப்பட்டது ஏதாவது இருந்தா தள்ளிப் போடாதீங்க."

பேருந்திலிருந்து இறங்கும்போது தீவுக்காரர் சொன்னார்: "எங்கயாவது போயிட்டு வருவோம். ரெண்டு பேரும். ஊர்ல உள்ளவங்களையெல்லாம் அனுப்பிட்டு நாம இங்கயே கிடக்கிறோம்."

மறுநாள் மாலை சாப்பாட்டு மேஜையில் இரண்டு கையேடுகளை விரித்து வைத்தார். ஒன்று மால்டா, ஒன்று கிரீட். மற்றத் தீவுகளையெல்லாம் அவரே கழித்துக் கட்டிவிட்டார். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். மால்டா கையேட்டில் ஒரு படத்தின் மேல் விரலை வைத்தாள். துறைமுகத்தில் கட்டியிருந்த மீன்பிடிப் படகுகள். நீலம், மஞ்சள், சிவப்பு என்று பட்டை பட்டையாக வண்ணம் அடித்து, முன்பக்கத்தில் இரண்டு கண்களும் வரைந்திருந்தார்கள்.

"மால்டா போலாங்க."

"ஏன் மால்டா?"

"இந்தப் படகுங்களைப் பார்க்கணும். கண்ணெல்லாம் வரைஞ்சிருக்காங்க பாருங்க. இந்த நீலம் நிஜத்துல என்ன நீலம்னு தெரியணும். அச்சுல வந்தா நீலம் மாதிரி பொய் சொல்ற கலர் வேற கிடையாது."

அவர் சிரித்தார். கண் போகப் போகிறது என்று நேற்றுத்தான் கேட்டுவிட்டு வந்தவள், படகுக்குக் கண் இருக்கிறது என்று வேடிக்கை பேசுகிறாள். நம்மைத் தேற்றுவதற்குத்தான் என்று எடுத்துக்கொண்டார். அதோடு விட்டாரா? மால்டா சின்னத் தீவு, அதிகம் நடக்க வேண்டாம். அவருக்கோ நான்கு வருஷமாக முழங்கால் வலி. கூட்டிக் கழித்துப் பார்த்ததும் அவருக்கு விடை கிடைத்துவிட்டது. இவள் தனக்காகக் கேட்கவில்லை, என் முழங்காலுக்காகக் கேட்கிறாள்! நினைத்ததும் அவருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. கடைசியாக ஒருமுறை பார்க்கப் போகிற கண்ணுக்குச் சின்னத் தீவையா காட்டுவது? கிரீட்டில் மலை இருக்கிறது, பள்ளத்தாக்கு இருக்கிறது, பழைய அரண்மனை இருக்கிறது. காட்டுவதென்றால் அதைக் காட்ட வேண்டும்.

ஒரு வாரம் கழித்து இரண்டாவது கேள்வியைப் போட்டார். "கிரீட்ல என்னென்ன இருக்குன்னு தெரியுமா உனக்கு?" என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசினார். கவுண்டரில் பேசும் அதே பேச்சு, அதே கை அசைவு. அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. எனக்கு மால்டாவே போதுங்க."

போதும் என்கிறாள் பார், ஆசையை அடக்கிக்கொண்டு சொல்கிறாள் என்று அதையும் தன் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார். இந்த மனிதரை என்ன சொல்லித் திட்டுவது? ஒரு பொம்பளை பச்சையாக ஓர் ஊர்ப் பெயரைச் சொல்கிறாள், அதைக் காதில் வாங்காமல் அவள் மனசைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்.

நவம்பர் முதல் வாரத்தில் அவளாகவே கேட்டாள். "இந்த மாசமே போயிட்டு வந்துடலாமா? நாலு நாள் இருந்தாக் கூடப் போதும்."

"நவம்பர்ல போய் என்ன பண்றது? மழை பெய்யும், பாதிக் கடை மூடியிருக்கும். இருபத்தோரு வருஷமா இதே வேலை பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா? மே மாசம்தான் சரி. மலையெல்லாம் பூத்துக் கிடக்கும். உண்மையைச் சொல்லு, உனக்கு மால்டாவா, கிரீட்டா?"

அவள் அவரைச் சற்று நேரம் பார்த்தாள். அப்போது அந்தக் கண் அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

"உங்களுக்கு எது புடிக்குதோ அதுங்க."

மூன்றாவது கேள்வி பலித்துவிட்டது என்று அவருக்கு உச்சி குளிர்ந்தது. மே மாதம் பன்னிரண்டாம் தேதி, கிரீட்டில் கடல் பார்த்த அறை, இரண்டு பேர் என்று முன்பதிவு செய்தார். இனி அந்த நாளுக்குக் காத்திருக்க வேண்டியதுதான் பாக்கி.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அலுவலகத்துக்குப் போன் வந்தது. அவள்தான் பேசினாள், குரல் நிதானமாக இருந்தது.

"கீழேருந்து ஒரு திரை ஏறுதுங்க. சாம்பல் கலர். அடுப்புச் சாம்பல் இல்ல, நனைஞ்ச சிமெண்ட் மாதிரி. பாதிக்கு வந்துடுச்சு. கொஞ்சம் வர முடியுமா?"

அவர் போய்ச் சேர்வதற்குள் முக்கால்வாசி ஏறிவிட்டது. அன்று மாலையே அறுவை சிகிச்சை, பதினாறு நாள் கழித்து இன்னொன்று. குப்புறப் படுத்தே கிடக்கச் சொன்னார்கள், கிடந்தாள். மார்ச் கடைசியில் மருத்துவர் கட்டைப் பிரித்து, விளக்கை அடித்து, "ஏதாவது தெரியுதாம்மா?" என்று மூன்று முறை கேட்டார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு அவள் ஃபைலை மூடினார்.

அதற்குப் பிறகு வீட்டில் இருந்த இரண்டு அறைகளும் அவளுக்குப் புது ஊராகிவிட்டன. கதவு நிலையில் இடித்துக்கொண்டாள், சுடுதண்ணீரைக் கையில் ஊற்றிக்கொண்டாள். அழவில்லை. ராத்திரி பகல் தெரியாமல் எழுந்து உட்கார்ந்து, "மணி என்னங்க?" என்று மட்டும் கேட்பாள். "இங்க பாரு" என்று ஆரம்பித்துவிட்டு அவர் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஏப்ரலில், அவள் சாமான்களை எடுத்து வரப் பெயிண்ட் கடைக்குப் போனார். அவளுடைய இடத்தில் யாரும் இல்லை, இயந்திரம் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. கடைக்காரர் அவளுடைய ஏப்ரனையும் டீ குடிக்கும் குவளையையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். பிறகு அலமாரியிலிருந்து ரப்பர் வளையம் போட்ட ஒரு கட்டு அட்டைகளை எடுத்தார்.

"இதுவும் தங்கச்சியோடதுதான். தூக்கிப் போட மனசு வரலை."

எல்லாம் நீலம். இருபது முப்பது அட்டைகள் இருக்கும், ஒன்றைப் போல் ஒன்று இல்லை. மேலே மால்டா கையேட்டிலிருந்து வெட்டிய அந்தப் படகுப் படம். ஒவ்வொரு அட்டைக்குப் பின்னாலும் தேதியும் அவள் கையெழுத்தும். அக்டோபர் நான்கு: இது இல்லை. அக்டோபர் பதினொன்று: பச்சை அதிகம். டிசம்பர் இரண்டு: வெயிலில் வேறு மாதிரி இருக்குமோ? கடைசி அட்டை பிப்ரவரி மாதத்தது, அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முந்தின நாள். கிட்டே வந்திருக்கு, நேரில் பார்த்தால் தெரிந்துவிடும்.

"எப்பம்மா மால்டா கிளம்பறேன்னு வாரா வாரம் கேப்பேன்" என்றார் கடைக்காரர். "அவரு முடிவு பண்ணிக்கிட்டு இருக்காரு, அண்ணேன்னு சொல்லும்."

தீவுக்காரர் பையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தார். அவர் போக வேண்டிய பேருந்து மூன்று முறை வந்து போனது. நவம்பரில் நான்கு நாள். அவ்வளவுதானே கேட்டாள்? மழை பெய்திருந்தால் என்ன, கடை மூடியிருந்தால் என்ன, படகு தண்ணீரில்தானே நின்றிருக்கும்? யாரோ முன்பின் தெரியாத ஒருத்தி மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்து கேட்டிருந்தால்கூட இதற்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்திருப்பாள். தன் கையால் அவள் கண்ணை மூடிவிட்டது போல இருந்தது அவருக்கு.

வீட்டுக்குப் போனபோது அவள் மேஜையருகே உட்கார்ந்திருந்தாள். பையை வைத்தார். அவள் கையை விட்டுத் துழாவி, அட்டைகள் தட்டுப்பட்டதும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ நிஜமாவே மால்டாதான் கேட்டியா?" என்றார்.

"வேற எதைக் கேட்டேன்?"

"என் முழங்காலுக்காகச் சொல்றேன்னு நெனச்சேன்."

"உங்க முழங்காலா?" அவள் முகம் அவர் குரல் வந்த பக்கம் திரும்பியது, ஒரு சாண் தள்ளி நின்றது. "அது எனக்கு ஞாபகத்துலயே இல்லைங்க. நான் எனக்காகத்தான் கேட்டேன். கல்யாணம் ஆன நாள்லேருந்து எனக்குன்னு கேட்டது அது ஒண்ணுதான். அதையும் உங்களுக்காகக் கேட்டதா ஆக்கிட்டீங்க."

"தப்புப் பண்ணிட்டேன். பெரிய தப்பு."

"சரி விடுங்க."

"விட முடியாது. முன்பதிவை நாளைக்குள்ள உறுதி பண்ணணும், அதுக்குள்ள மாத்திடலாம். கிரீட்டை ரத்து பண்ணிட்டு மால்டா போடறேன். அந்தத் துறைமுகத்துக்கே கூட்டிட்டுப் போறேன். பக்கத்துலயே நின்னு எல்லாத்தையும் நான் பார்த்துச் சொல்றேன்."

"என்ன நீலம்னு சொல்லுவீங்களா?"

அவர் வாயைத் திறந்தார். அவருக்கு நீலம் என்றால் நீலம், கொஞ்சம் அழுத்தினால் கருநீலம். அதற்கு மேல் அவரிடம் வார்த்தை இல்லை.

"குத்திக் காட்டறதுக்குச் சொல்லலைங்க" என்றாள் அவள். "மால்டா வேண்டாம். கிரீட்டே இருக்கட்டும். இந்த ரெண்டு ரூமுக்குள்ள மோதிக்கிட்டுக் கிடக்கறதுக்கு வெளியில எங்கயாவது போய் மோதிக்கலாம்."

"நீதானே கிரீட் வேண்டாம்னே?"

"அதனாலதான் சொல்றேன். அங்க பார்க்கணும்னு நான் எதையும் நெனைச்சதில்ல. பார்க்காம வந்தா எனக்கு ஒண்ணும் குறைஞ்சுடாது. மால்டாவுல போய் அந்தப் படகு முன்னால என்னால நிக்க முடியாதுங்க."

தீவுக்காரர் மடிக்கணினியைத் திறந்தார். மே பன்னிரண்டு, கிரீட், கடல் பார்த்த அறை, இரண்டு பேர். உறுதி செய்தார். அடுத்த பக்கத்தில் விமான இருக்கைகளின் படம் வந்தது. அவர் விரல் அப்படியே நின்றுவிட்டது.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்றாள்.

"எந்த சீட்டுன்னு கேக்குது. ஜன்னல் ஓரம் ஒண்ணு இருக்கு, பக்கத்துல ஒண்ணு இருக்கு."

"ஜன்னல் ஓரம் நீங்க உக்காருங்க" என்றாள்.