தங்கை பாலத்துக்கு அந்தப் பக்கம்

விடாமல் மழை கொட்டிய ஒரு காலை, தங்கையிடமிருந்து போன் வந்தது. அவள் கண்டியில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தாள். ஆற்றோரமாக ஒரு போர்டிங் அறையில் தங்கியிருந்தாள். நான் குண்டசாலையில். எங்கள் இருவருக்கும் நடுவில் மகாவலி ஆறும், அதன் மேல் இரும்புப் பாலமும்.

“அக்கா, ரூமுக்குள்ள தண்ணி வருது. கதவத் தொறக்க முடியல.”

“ஜன்னல ஒடச்சிட்டு வெளிய வா!” என்று கத்தினேன். அதற்குள் போன் அறுந்துவிட்டது. திரும்பத் திரும்ப எடுத்தும் கிடைக்கவில்லை.

குடைகூட இல்லாமல் பாலத்துக்கு ஓடினேன். அங்கே குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். வேரோடு வந்த மரங்கள் தூண்களில் மோதும்போதெல்லாம் பாலம் முழுவதும் அதிர்ந்தது.

“யன்ன பே,” போக முடியாது என்றார் பொலிஸ்காரர். தெரிந்த சிங்களத்தில் எல்லாம் கெஞ்சினேன். கயிற்றுக்குக் கீழே குனிந்தபோது கையைப் பிடித்து இழுத்தார். அந்தக் கையைக் கடிக்கலாம்போல் இருந்தது.

பக்கத்தில் நனைந்த தொப்பியோடு ஒருவர் நின்றிருந்தார்.

“அழாதீங்க தங்கச்சி. எங்க வாப்பாவும் அந்தப் பக்கந்தான். நடக்க ஏலாத மனுசன்.”

ஆற்றில் ஒரு கதிரை நாலு காலும் மேலே தெரியப் போனது. பிறகு ஒரு கூரைத் தகடு. பிறகு வேறு ஏதோ புரண்டு புரண்டு போனது. “அது துணி மூட்டை,” என்றார் அவர். நம்பப் பார்த்தேன்.

பின்னேரம் தண்ணீர் இறங்கியதும் ஒருவர் பின் ஒருவராக நடந்துபோக விட்டார்கள். தங்கையின் அறையில் கட்டில் உயரத்துக்குச் சேறு. அவள் இல்லை. தெருவில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் நிறுத்திக் கேட்டேன். யாரோ மேட்டிலிருந்த பன்சலையை, அந்தப் புத்த கோயிலைக் காட்டினார்கள்.

அங்கே மண்டபத்தில், யாருடையதோ சாரத்தைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போர்டிங் வீட்டின் சொந்தக்காரர்தான் ஜன்னல் கம்பியை வளைத்து வெளியே எடுத்திருக்கிறார்.

“போன் தண்ணில விழுந்துருச்சுக்கா,” என்றாள்.

அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். தொப்பிக்காரர் அங்கேயிருந்த வயதானவர்கள் ஒவ்வொருவரின் முகத்தையும் குனிந்து பார்த்துக்கொண்டே போனார்.

மறுநாள், பாலத்தூணில் சிக்கிய மரங்களுக்கிடையிலிருந்து அவருடைய வாப்பாவை எடுத்தார்கள்.

ஜனாஸா வீட்டுக்கு நானும் தங்கையும் போனோம். அவர் வாசலுக்கு வந்து அவளைச் சற்று நேரம் பார்த்தார்.

“இவங்கதானா?”

ஆமென்று தலையாட்டினேன்.