மூணாவது டிஸ்க்கை உருவுங்க அக்கா

பல டிஸ்க்குகளைக் கோத்து, இதெல்லாம் ஒரே டிஸ்க்தான் என்று கம்ப்யூட்டரை நம்பவைப்பது எங்கள் தொழில்; கம்ப்யூட்டர் நம்பிவிடும், மனிதர்களிடம்தான் வாதாட வேண்டியிருக்கும். வாதாடுவது எனக்குப் பிடித்த வேலை. எம்.டெக். கடைசி வருஷம், பெங்களூரில் ஒரு சின்ன கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். கேபிளோடு மல்லுக்கட்டியிருக்கும் சக பாவிகளே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

கடைசி மூடி

முதல் வாரம், அல்சூரில் ஓர் ஆபீஸ். ஒரே கேபிளில் வரிசையாக டிஸ்க்குகளை மாட்டினால், கடைசி நுனியில் டெர்மினேட்டர் என்ற மூடியைச் செருக வேண்டும். இல்லாவிட்டால் போன சிக்னல் முட்டித் திரும்பி வந்து எல்லாவற்றையும் குழப்பும். அன்று ஏழு டிஸ்க்கில் ஒன்றுகூடத் தெரியவில்லை. கேபிள் மட்டம் என்றேன். சீனியர் மஞ்சுநாத் சார், நீ டார்ச்சைப் பிடிம்மா போதும் என்றார். பெண் என்றால் டார்ச் பிடிக்கத்தானா என்று அரைமணி நேரம் விளாசினேன்.

மூச்சு வாங்கி, கர்ச்சீப் எடுக்கப் பையில் கைவிட்டபோது, நான் செருக மறந்த மூடியும் சேர்ந்து வந்தது. அவர் வாங்கிச் செருகினார். ஏழும் தெரிந்தன. "ஸ்வல்ப சும்னிரம்மா, கொஞ்சம் சும்மா இரு. கேபிளுக்கு மட்டுமில்ல, உனக்கும் கடைசில ஒண்ணு மாட்டணும்."

நகல் எதற்கு?

பிரேசர் டவுனில் ஓர் அச்சகம். அங்கே ஸ்டெல்லா அக்கா ஒரு பள்ளிப் பாடப்புத்தகத்தை மூன்று மாதமாக டைப் அடித்துக்கொண்டிருந்தார். அத்தனை பக்கமும் நாங்கள் வைத்த ஆறு டிஸ்க் பெட்டியில். தினமும் சி.டி.யில் ஒரு நகல் எடுக்கட்டுமா என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு டிஸ்க் போனாலும் மற்ற ஐந்தும் சேர்ந்து அதில் இருந்ததைக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிடும், பிறகு நகல் எதற்கு என்று போர்டில் படம் போட்டு விளக்கினேன். இரண்டு போனால் என்று கேட்டார். அதெல்லாம் போகாது என்றேன். அக்கா தலையை ஆட்டினார். "படம் நல்லா போடுறம்மா."

பூஜ்யம்

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் ஸ்டெல்லா அக்காவிடமிருந்து போன். திரையில் 'டிஸ்க் 3 பழுது' என்று வருகிறதாம். எதில் சிவப்பு விளக்கு எரிகிறது என்று கேட்டேன். எல்லாத்துலயும் சிவப்புதான் என்றார். ஆறுக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருக்கிறார்கள். விளக்கும் எண்ணும் அதற்கு அடியில். சரி, இடப்பக்கமிருந்து மூணாவது டிஸ்க்கை உருவுங்க அக்கா என்றேன். கம்ப்யூட்டர் பூஜ்யத்திலிருந்துதான் எண்ணும், அதன் மூன்று நமக்கு நாலாவது என்று பேராசிரியரோடு சண்டை போட்டவள் நான்; அன்று அதையே மறந்துவிட்டேன். அக்கா மனுஷி, ஒன்றிலிருந்து எண்ணினார். நல்ல டிஸ்க் கையோடு வந்தது. பழுதானதோடு இதுவும் சேர்ந்து இரண்டு போனதில் பெட்டி படுத்துவிட்டது. பதற்றத்தில் நான் அடிக்கச் சொன்ன கட்டளை மிச்சத்தையும் துடைத்தது.

மஞ்சுநாத் சார் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். வாழ்க்கையில் முதல்முறையாக வழி நெடுக வாய் திறக்கவில்லை. அக்காவின் மூன்று மாதம் போச்சே என்று மனசுக்குள் நாள்களை எண்ணிக்கொண்டே போனேன். உள்ளே போனால் அக்கா நிதானமாக டப்பாவிலிருந்து சி.டி.க்களை எடுத்து மேஜையில் அடுக்கிக்கொண்டிருந்தார். பூஜைக்கு முந்தின நாள்வரை அடித்த பக்கம் முழுக்க அவற்றில் இருந்தது. நான்தான் வேண்டாமென்றேனே என்றேன், அப்போதும் விடாமல். "நீ அவ்ளோ அடிச்சுப் பேசினதப் பார்த்துதான்மா எனக்கு பயமே வந்துது."

ஆறு டிஸ்க் சேர்ந்து காப்பாற்றாததை, என் பேச்சின்மேல் ஓர் அக்காவுக்கு வந்த சந்தேகம் காப்பாற்றியது.