ஐஸ் போட்ட சர்பத்

நான் பிள்ளைச்சாவடியில் மீன் விற்கிறவள். என் மகள் பள்ளிப் பாட்டுக் குழுவில் இருக்கிறாள். குழுவுக்கு ஆர்மோனியம் வாங்க, பிள்ளைகள் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் பாடி, உண்டியல் வைத்துப் பணம் சேர்த்தார்கள். முன்னால் நின்று தனியாகப் பாடும் இடம் பக்கத்து வீட்டு கலாவுக்குக் கிடைத்தது. என் மகள் பின்வரிசையில் நின்றாள். எனக்கு வயிறு எரிந்தது.

பாட்டு தொடங்கும் முன் ஐஸ் நிறையப் போட்ட சர்பத் வாங்கி கலாவிடம் கொடுத்தேன். அவள் தொண்டை கட்டட்டும் என்றுதான் கொடுத்தேன்.

அவள் வாயில் வைக்கும் முன் என் மகள் வந்து பிடுங்கிவிட்டாள்.

"இன்னாம்மா நீ, பாடுறதுக்கு முன்னாடி ஐஸ் குடுக்கிற? அவ குரல் போச்சுன்னா நாங்க யாரப் புடிச்சுக்கினு பாடுறது? எல்லாரும்தான் அசிங்கப்படணும்."

"தாகமா இருக்கும்னு வாங்கினேன்" என்றேன்.

"உடுடி" என்றாள் கலா. "பாவம், அத்தைக்கு இன்னா தெரியும்."

எனக்கு எல்லாம் தெரியும். தலை நிமிரவில்லை.

கலா நன்றாகப் பாடினாள். அவள் குரலைப் பிடித்துக்கொண்டு என் மகளும் பாடினாள். உண்டியலில் பணம் விழுந்தது.

இப்போதும் கலா முன்னால் நின்றால் எனக்கு எரியத்தான் செய்கிறது. ஆனாலும் பாட்டு இருக்கும் நாளில் பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோகிறேன். முதல் டம்ளரை அவளுக்குத்தான் ஊற்றுகிறேன்.