பரங்கிப் பூந்தூள்

அடுத்த மனைக்காரர் எங்கள் வீட்டுப் பிரிட்ஜில் வைக்கக் கொடுத்த பரங்கிப் பூந்தூளை நான் அடுப்புச் சூட்டில் வைத்துக் கெடுத்தேன். கோபத்தில் செய்யவில்லை. பொறாமையில் செய்தேன்.

அவரும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். நான் பள்ளி ஆசிரியரானேன். அவர் படிப்பை விட்டு விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்குப் போனார். அவர் குடும்பம் எங்கள் வயலில் வேலை செய்து, எங்கள் கொல்லையோரம் குடியிருந்தது. கூலித் தகராறு முற்றிய வருஷம் என் அப்பா ஆள் வைத்து அந்தக் குடிசையைப் பிரித்துப் போட்டார். கூரையில் செருகியிருந்த விதை முடிச்சுகள் சேற்றோடு போயின. பிறகு கழக ஆட்சியில், குடியிருந்தவர்களுக்கே மனை என்று சட்டம் வந்தது. அதே இடத்துக்குப் பட்டா வாங்கிக்கொண்டு அவர் திரும்பி வந்தார்.

அது நியாயம் என்று ஆசிரியர்கள் மத்தியில் நானே பேசியிருக்கிறேன். ஆனால் காலையில் கொல்லைக்குப் போனால் அந்தப் புது வேலி கண்ணில் படும், வயிறு எரியும். அப்பாவிடம் பஞ்சாயத்துக்கு வந்தவர்கள் இப்போது அவரிடம் போனார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஏதாவது சொல்வார். என் மனைவி வாய்விட்டுச் சிரிப்பாள். நான் சொல்லி அவள் அப்படிச் சிரித்ததே இல்லை.

அவர் அம்மா தட்டையாகக் காய்க்கும் ஒரு பரங்கி வகையை விதையெடுத்துக் காப்பாற்றி வைத்திருந்தார். குடிசையோடு அந்த விதையும் போயிற்று. முத்துப்பேட்டைப் பக்கம் இருந்த தன் சித்தியிடம் கொஞ்சம் மிச்சம் வாங்கிவந்து ஊன்றியதில் ஒரே ஒரு கொடிதான் எழுந்தது. சித்தியிடமும் வேறு விதை இல்லை. இந்தக் கொடி காய்க்காவிட்டால் அம்மாவின் பரங்கி அதோடு சரி.

பூக்கும் நேரத்தில் ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. மழையில் தேனீ வராது. ஆண் பூவுக்குள் தண்ணீர் நின்று தூள் வீணாகிவிடும். பெண் பூக்கள் பிஞ்சோடு அழுகி விழுந்தன. மழை வெறித்த ஒரு காலையில் அவர் ஆண் பூக்களைப் பறித்துத் தூளை மூக்குப்பொடி டப்பாவில் தட்டிக்கொண்டார். ஈரத்தை இழுக்க வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து உள்ளே வைத்தார். ஊரில் எங்கள் வீட்டில்தான் பிரிட்ஜ் இருந்தது. டப்பாவோடு வந்து என் மனைவியைக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, ஒரு மாப்பிள்ளைய உங்க வீட்டுல கொஞ்ச நாள் தங்க வைக்கணும்மா.”

“வாங்கண்ணே. எந்த ஊரு மாப்பிள்ளை?”

“நம்ம கொடியில பொறந்தவன்தான். பொண்ணு இன்னும் மொட்டா இருக்கு. மலர்ற அன்னைக்கு வந்து அழைச்சிட்டுப் போறேன்.”

“விருந்து ஏதும் வைக்கணுமா?”

“அதெல்லாம் வேணாம். குளிருல சும்மா படுத்துக் கிடக்கட்டும். சார் கோச்சுக்க மாட்டாங்களே?”

“இதுல என்ன இருக்கு” என்றேன். என் மனைவி அன்று பகல் முழுக்க “மாப்பிள்ளை, மாப்பிள்ளை” என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மழைக்காகப் பள்ளிக்கூடம் விடுமுறை. அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். மகரந்தம் சூடு தாங்காது என்பது வகுப்பில் நான் நடத்துகிற பாடம். டப்பாவை எடுத்துக் கனிந்த அடுப்பின் மேல் வைத்தேன். கை பொறுக்காத அளவு சுட்டதும் எடுத்து, ஆறவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தேன். திறந்து பார்த்தேன். அதே மஞ்சள்தான்.

பெண் பூக்கள் மலர்ந்த காலையில் அவர் குடையைப் பிடித்துக்கொண்டு, கோழி இறகால் தூளைத் தொட்டுத் தொட்டு வைத்தார். மழை இறங்காமல் பூ நுனியை வாழைநாரால் கட்டினார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். சில நாளில் பிஞ்சுகள் வெளுத்து உதிர்ந்தன. அப்புறம் தண்ணீர் தேங்கிக் கொடியும் அழுகிற்று.

“பிரிட்ஜு மேல குத்தமில்ல சார். கரண்டு போய்ப் போய் வந்துச்சுல்ல, அதான்” என்று எனக்கே ஆறுதல் சொன்னார். அன்று நான் சந்தோஷமாக இருந்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

சந்தோஷம் நிலைக்கவில்லை. அந்த இடத்தில் வேறு எதையும் ஊன்றாமல் அவர் வெறுமனே விட்டிருந்தார். சில வருஷம் கழித்து முத்துப்பேட்டைப் பக்கம் போய் விசாரித்தேன். சித்தி இறந்துவிட்டிருந்தார். சித்தி எப்போதோ கொடுத்த விதை என்று ஒரு வீட்டில் தட்டையான பரங்கி ஒன்றைக் காட்டினார்கள். அதன் விதையோடு அடுத்த மனைக்காரரிடம் போய், நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

அவர் விதைகளைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

“உங்கப்பா பட்டப்பகல்ல, ஊரு பார்க்கக் குடிசையப் பிரிச்சாரு சார்” என்றார். விதைகளை மட்டும் துண்டில் முடிந்துகொண்டு உள்ளே போனார்.

அந்த வருஷம் கொடி காய்த்தது. முதல் காயை அறுத்துத் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரு கீற்று கொடுத்தனுப்பினார். எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

“அண்ணன் நம்மள மட்டும் மறந்துட்டாங்களா?” என்று என் மனைவி கேட்டாள். சொல்ல வேண்டியதாயிற்று. அவள் என்னைத் திட்டவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போனாள். வெகுநேரம் கழித்து முந்தானையில் ஒரு கீற்றோடு வந்தாள்.

அதைக் கூட்டு வைத்துத் தன் இலையில் மட்டும் போட்டுக்கொண்டாள். எனக்கு ரசமும் அப்பளமும் வைத்தாள்.

“அவங்க அம்மா வச்சிருந்த காய் மாதிரியே இருக்கான்னு அண்ணனுக்குச் சரியாத் தெரியலயாம்” என்றாள்.

நான் தலை குனிந்தபடி சாப்பிட்டேன்.