வேருக்குள் இருந்த நெருப்பு

மெல்போர்ன் அருகே த பேசின் என்ற ஊரில், மலையடிவாரத்தில் எங்கள் வீடு. கோடையில் காட்டுத்தீ பரவாமலிருக்க, அக்கம்பக்கத்து நான்கு குடும்பங்களும் குளிர் தொடங்குமுன் அனுமதி வாங்கி, ஒவ்வொருவர் நிலத்துச் சருகையும் சேர்ந்தே எரிப்போம்.

போன ஆண்டு எங்கள் நிலத்தில் மதியத்துக்குள் வேலை முடிந்தது. கடைசியாக ஓர் அடிக்கட்டையில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினேன். புகை நின்றது. "அணைஞ்சிடுச்சு, சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டுச் சாம்பார் சாதம் பரிமாறினேன்.

அடுத்த வீட்டு யசோ அக்கா மட்டும் உட்காரவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர், நர்ஸ். கையுறையைக் கழற்றி, காய்ச்சல் பார்ப்பதுபோலப் புறங்கையைத் தரையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க சுடுது. ஒருக்கா வாங்கோ."

தோண்டினால், கட்டையின் வேர் மண்ணுக்குள் கனன்றபடி மரவேலிவரை போயிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அக்காவின் வீடு. எல்லோரும் தட்டை வைத்துவிட்டு ஓடிவந்து, வெட்டி, நனைத்து அணைத்தார்கள். மறுநாள் காலை, கூப்பிடாமலே வந்து மறுபடி தரையைத் தொட்டுப் பார்த்தார்கள்.

இந்த ஆண்டு அக்காவின் நிலத்தில் எரித்தோம். "போதும், சாப்பிட வாங்கோ" என்று அவரே கூப்பிட்டும், கட்டைகளைச் சுற்றி ஒவ்வோர் அடியாகப் புறங்கை வைத்துப் பார்த்த பிறகுதான் தட்டை எடுத்தேன்.