பாராட்டைக் கேட்டுப் பயந்தவள்

எங்கள் லேப் டாக்டர், "அந்தப் பெண்ணிடம் நீங்களே பேசுங்கள்" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார். மேற்கு தில்லியில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் நான் மேற்பார்வையாளர். அந்தப் பெண் எங்களிடம் ரத்தம் எடுக்கும் வேலையில் இருந்தாள். திருநெல்வேலிப் பக்கம். கணவர் துணை ராணுவத்தில், எங்கோ எல்லையில். அவளும் பள்ளிக்கூடம் போகும் மகளும் மோதி பாக் குவார்ட்டர்ஸில் இருந்தார்கள்.

அவள் கை லேசான கை. ஊசி போனதே தெரியாது என்று கிழவர்கள்கூடச் சொல்வார்கள். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் அவளிடம் ஏதோ குலைந்திருந்தது. ஒருநாள் இரண்டு பேருடைய குழாய்களில் லேபிளை மாற்றி ஒட்டிவிட்டாள். ஒருவர் சர்க்கரை நோயாளி. இன்னொருத்தி ஆறு மாதக் கர்ப்பிணி. கர்ப்பிணியின் ரத்த வகை எங்களிடம் முன்பே பதிவாகியிருந்ததால், உள்ளே மெஷினில் இருந்தவர் கண்டுபிடித்துவிட்டார். ரிப்போர்ட் வெளியே போகவில்லை. நடந்ததைச் சொல்லி இருவரையும் மறுபடி வரவழைத்து ரத்தம் எடுத்தோம். அடுத்த வாரமே, லேபிளே இல்லாமல் ஒரு குழாய் தட்டில் கிடந்தது. இன்னொரு முறை நடந்தால் அவளை வைத்துக்கொள்ள முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தவறான ரத்தம் ஓர் உடம்பில் ஏறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதை நினைத்தாலே பயமாக இருக்கும். அவளிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்தாலும் அப்படித்தான். எங்களுக்கு ஒருமுறை பயிற்சி வகுப்பு நடத்தியிருந்தார்கள். முதலில் பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் மறுபடி பாராட்டு. ஜனக்புரி வீட்டிலிருந்து மெட்ரோவில் வரும்போது அதையே மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன்.

காலைக் கூட்டம் ஓய்ந்ததும் டீ போடும் அறைக்கு அவளைக் கூப்பிட்டேன்.

"நீங்க ரொம்ப நல்லா வேலை செய்யறீங்க. பேஷன்ட் எல்லாருக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு" என்று ஆரம்பித்தேன்.

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. லேபிள் விஷயத்தை நான் நடுவில் சொன்னதை அவள் கேட்டாளா என்றே தெரியவில்லை. "எங்க போனாலும் நீங்க நல்லா வருவீங்க" என்று முடித்தேன்.

"சரி மேடம்" என்றாள். வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்தாள். "கொஞ்சம் வெளிய போயிட்டு வாறேன்" என்று போனவள் வரவில்லை.

சாப்பாட்டு நேரம் முடிந்தது. போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. திரும்பத் திரும்ப அடித்தேன். மடித்த கோட்டைப் பார்க்கப் பார்க்க என் மனம் போகக்கூடாத இடங்களுக்கெல்லாம் போயிற்று. வரும் வழியில் பார்த்த ரயில் தண்டவாளம் ஞாபகம் வந்தது. ஆட்டோ பிடித்து மோதி பாக் போனேன். குவார்ட்டர்ஸ் கதவில் பூட்டுத் தொங்கியது. பக்கத்து வீட்டு அம்மாள், காலையில் போனவள் திரும்பவில்லை என்றார். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து பராத்தா தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

படியிறங்கும்போது லேபிலிருந்து போன். அந்தக் கர்ப்பிணியின் வீட்டிலிருந்து பேசினார்களாம். உங்கள் ஆள் இங்கே வந்து அழுதுகொண்டிருக்கிறாள், யாராவது வாருங்கள் என்றார்களாம்.

உயிரோடு இருக்கிறாள் என்று ஒரு கணம் மூச்சு வந்தது. அடுத்த கணமே வேறு பயம் பிடித்துக்கொண்டது. நோயாளியின் விலாசத்தைப் பார்த்து வீட்டுக்குப் போவது பெரிய குற்றம். அவர்கள் புகார் கொடுத்தால் அவள் வேலை மட்டுமல்ல, லேபே போய்விடும். ஜனக்புரியில் அவர்கள் வீடு இருந்த மூன்றாவது மாடிக்கு இரண்டிரண்டு படியாக ஏறினேன்.

சோபா நுனியில் அவள் உட்கார்ந்திருந்தாள். கையில் ஆறிப்போன டீ. எதிரே கர்ப்பிணிப் பெண், வயிற்றின் மேல் கையை வைத்தபடி. அழுதது யார், பயந்தது யார் என்று தெரியாதபடி இருவர் முகங்களும் இருந்தன.

"இவளை வேலையை விட்டு நீக்கிட்டீங்களா?" என்று கர்ப்பிணிப் பெண் என்னிடம் ஹிந்தியில் கேட்டாள்.

"இல்லையே" என்றேன்.

"மன்னிப்புக் கேக்க வந்திருக்கா. எனக்கு மன்னிப்பு வேண்டாம். அன்னிக்குக் கண்டுபிடிக்காம விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுத் தூக்கமே வரல. எனக்கு ஒண்ணுதான் வேணும். இனிமே என் பேரை என் கண்ணு முன்னாடி ஒட்டணும். நான் படிச்சுப் பாத்த பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பேன்."

குரலில் இரக்கமே இல்லை. ஆனால் அதைக் கேட்டு எங்கள் ஆள் தலை நிமிர்ந்தாள். "அச்சா" என்றாள் மெதுவாக. "அப்படியே செய்யுதேன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு ஹிந்தியில் சொன்னாள்.

அவளை அழைத்துக்கொண்டு கீழே வந்ததும் கேட்டேன். "நான் உங்களைப் போகச் சொன்னேனா?"

"நீங்க அவ்வளவு நல்லவிதமாப் பேசினதும் புரிஞ்சுபோச்சு மேடம். இத்தனை வருஷத்துல மேல இருக்கறவங்க யாரும் என்னையப் பாராட்டினதில்ல. அனுப்பி வைக்கும்போதுதான் எல்லாரையும் பாராட்டுவாங்க."

பயிற்சி வகுப்பில் இதை யாரும் சொல்லவில்லை. மனப்பாடம் செய்ததையெல்லாம் விட்டுவிட்டு நேராகக் கேட்டேன்.

"லேபிள் தப்பாகுது. உயிர் போற தப்பு. ஏன் ஆகுது?"

ரோட்டோரமாக நின்றபடியே சொன்னாள். தீபாவளிக்குப் பிறகு ஒரு காலை, ரத்தம் எடுக்கும்போதே ஒரு பெரியவர் அவள் மேல் மயங்கிச் சாய்ந்திருக்கிறார். ஒரு நிமிஷம் செத்தே போய்விட்டார் என்று நினைத்தாளாம். அவர் தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். இவளை நடுக்கம் விடவில்லை.

"அதுல இருந்து ஊசி கையில இருக்கற நேரத்தைச் சீக்கிரம் முடிச்சாப் போதும்னு இருக்கு மேடம். குளிர்ல நரம்பும் கிடைக்காது. பின்னாடி நிக்கறவங்க ஜல்தி ஜல்தின்னு அவசரப்படுத்துவாங்க. நாலஞ்சு பேருக்கு எடுத்துட்டு, அப்புறமா உக்காந்து ஒட்டுவேன்."

"இனிமே ஒருத்தருக்கு எடுத்து, ஒட்டி, அவங்க படிச்சாத்தான் அடுத்த ஆள். எவ்வளவு நேரமானாலும் சரி. கூட்டம் கத்தினா நான் பாத்துக்கறேன்."

"இன்னிக்கு இங்க வந்தது?"

"அதையும் டாக்டர்கிட்டச் சொல்லித்தான் ஆகணும். நானும் கூட வரேன்."

டாக்டர் கடுமையாகப் பேசினார். எச்சரிக்கை கொடுத்தார். ஆனால் அனுப்பவில்லை. அந்த வீட்டிலிருந்தும் புகார் வரவில்லை.

மறுநாளிலிருந்து காலை நேரத்தில் அவள் பக்கத்திலேயே நின்றேன். ஊசியை எடுக்கும்போது அவள் விரல் நடுங்குவதை அப்போதுதான் கவனித்தேன். இத்தனை நாள் பார்க்காமல் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. வரிசை நீண்டது. மஃப்ளர் சுற்றிய ஒருவர் ஆபீஸுக்கு நேரமாகிறது என்று கத்தினார். அவள் குழாயை அவர் முகத்துக்கு நேராக நீட்டி, "உங்க பேரைப் படிங்க" என்றாள். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைபோல எழுத்துக் கூட்டிப் படித்தார்.

அவள் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறாள். அதன் பிறகு குழாய் மாறவில்லை. இருந்தாலும் தட்டு உள்ளே போகும்போதெல்லாம் ஒவ்வொரு லேபிளையும் நான் இன்னொரு தரம் பார்க்கிறேன். அவளும் பார்க்கிறாள்.